தமிழ் வகுப்பறையில் பல்லூடகப் படவீழ்த்தி: பொருத்தலும் இணைத்தலும்

முன்னுரை

கரும்பலகைக்கும் வெண்பலகைக்கும் பின்னர் வகுப்பறையில் நிலையான இடம்பெற்ற கருவி பல்லூடகப் படவீழ்த்தியாகும். புரொஜெக்டர் என்றே ஆசிரியர் பலரும் இதனை வழங்குகின்றனர். சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கல்வி அமைச்சு தொடங்கிய முதலாம் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டம், ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 200 கோடி வெள்ளி செலவில், பாட நேரத்தில் 30 விழுக்காட்டைக் கணினி வழியே நடத்துவதை இலக்காகக் கொண்டது. 2003இலும் 2009இலும் அதன் தொடர்ச்சியான திட்டங்கள் வந்தன. இக்காலத்தில்தான் படவீழ்த்தி ஆசிரியரின் அன்றாடக் கருவியாயிற்று. இன்று பல இடங்களில் பெரிய தொடுதிரைப் பலகைகள் வந்துவிட்டபோதிலும், படவீழ்த்தி முற்றாக விடைபெற்றுவிடவில்லை. மண்டபங்களிலும் கருத்தரங்குகளிலும் இன்றும் அதுவே ஆட்சி செலுத்துகிறது.

இக்கருவியைப் பொருத்தி இணைக்கும் முறையை விளக்கும் கையேடுகள் உண்டு. அவை யாவும் எந்த மொழியைத் திரையில் காட்டுகிறோம் என்பதைக் கருதாமல் எழுதப்பட்டவை. தமிழைக் காட்டுவோர்க்கு அவை போதா என்பது இக்கட்டுரையாளரின் பட்டறிவு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பள்ளியில் மெய்ம்மயக்கம் பற்றிய பாடத்தைத் திரையில் காட்டி, எடுத்துக்காட்டுச் சொற்களை எழுதிக்கொள்ளுமாறு மாணவரைப் பணித்தேன். குறிப்பேடுகளைத் திருத்தியபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த ஐவரும் ‘பட்டம்’ என்பதைப் ‘படடம்’ என்றும், ‘வெற்றி’ என்பதை ‘வெறறி’ என்றும் எழுதியிருந்தனர். கவனக்குறைவு என்று கடிந்துகொண்டேன். மறுவாரம் வேறொரு காரணத்திற்காகப் பின்வரிசையில் சென்று அமர நேர்ந்தபோதுதான் உண்மை புலப்பட்டது. அங்கிருந்து பார்த்தால் திரையில் புள்ளியே இல்லை. மாணவர் கண்டதைக் கண்டவாறே எழுதியிருந்தனர்.

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியத்து நூன்மரபு கூறும் விதி. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏட்டில் எழுதியோர் அதனைப் பெரிதும் விட்டனர்; படிப்போர் சொல்லறிவாலும் யாப்பறிவாலும் அதனை இட்டு நிரப்பிக்கொண்டனர். தமிழை வீட்டில் குறைவாகவே பேசும் பதின்மூன்று வயது மாணவரிடம் அத்தகைய அறிவை எதிர்பார்ப்பது முறையன்று. ஆகவே, படவீழ்த்தியைப் பொருத்துவதில் ஒவ்வொரு படியையும் ‘பின்வரிசை மாணவர்க்குப் புள்ளி தெரிகிறதா’ என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு நோக்குவது தக்கது.

தமிழாசிரியரின் நிலை

சிங்கப்பூர்ப் பள்ளிகள் பலவற்றில், தாய்மொழிப் பாட வேளையில் மாணவர் மொழிவாரியாகப் பிரிந்து செல்வர். தமிழ் மாணவரின் எண்ணிக்கை சிறிதாகையால், அவ்வேளையில் எந்த அறை ஒழிந்திருக்கிறதோ அவ்வறைக்குத் தமிழாசிரியர் செல்வதும் உண்டு. தமிழ் கற்பிக்கப்படாத பள்ளிகளின் மாணவர் வேறு மையங்களுக்கு வந்து பயில்கின்றனர். 1946இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கி 1982இல் மூடப்பட்ட உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியின் பெயரைத் தாங்கி, சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் இயங்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அத்தகைய மையங்களுள் முதன்மையானது.

இதனால் விளைவது யாதெனில், தமிழாசிரியர் பெரும்பாலும் பிறர் பொருத்திவைத்த கருவியைப் பயன்படுத்துபவராக இருக்கிறார். முந்தைய வேளையில் கணித ஆசிரியர் தமக்கேற்ப அமைத்த திரையளவும் பிரிதிறனும் அப்படியே இருக்கும். மணி அடித்துப் பாடம் தொடங்குவதற்கு இடையில் கிடைப்பது ஐந்து நிமிடங்களே. அந்த ஐந்து நிமிடங்களில் எதனைச் சரிபார்ப்பது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

கருவியை இருத்துதல்

கூரையில் பொருத்தப்பட்ட கருவியாயின் இப்பகுதி தேவைப்படாது. மேசைமீது வைக்கும் கருவிக்கு மட்டுமே இது.

கருவிக்கும் திரைக்கும் உள்ள தொலைவைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது வீச்சு விகிதம். இவ்விகிதம் 1.5 எனக் கையேட்டில் குறித்திருந்தால், 2 மீட்டர் அகலமுள்ள படத்திற்குக் கருவியை 3 மீட்டர் தொலைவில் வைத்தல் வேண்டும். வில்லை திரையின் நடுக்கோட்டுக்கு நேராக அமைய வேண்டும். கருவியின் முன்காலை உயர்த்தி அண்ணாந்து பார்க்குமாறு வைத்தால் படம் மேலே விரிந்தும் கீழே குறுகியும் சரிவகமாகிவிடும். இதனைத் திருத்துவதற்கென்று கருவியில் ஒரு விசை உண்டு. பலரும் அதனை உடனே அழுத்துகின்றனர். தமிழுக்கு அது தீங்கு செய்கிறது. அவ்விசை வில்லையை அசைப்பதில்லை. உள்ளே உருவாகும் படத்தையே கணக்கிட்டுச் சுருக்கிச் சாய்க்கிறது. அச்சுருக்கத்தில் முதலில் மழுங்குவன நுண்ணிய கூறுகளே. கருவியின் கீழ் நான்கு தடித்த நூல்களை அடுக்கி அதன் உயரத்தைக் கூட்டுவது நாகரிகமாகத் தோன்றாது எனினும் அதுவே சிறந்த திருத்தம்.

அடுத்தது ஒளி. வகுப்பறைக் கருவிகள் பெரும்பாலும் 3000 முதல் 4000 லூமன் வரை ஒளி தருவன. 3000 லூமன் ஒளி 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள திரையில் பரவினால், சதுர மீட்டருக்கு 1000 லூமன், அதாவது 1000 லக்ஸ் கிடைக்கும். அறை விளக்குகளிலிருந்து திரைமீது 300 லக்ஸ் விழுவதாகக் கொள்வோம். அப்போது வெண்மையான இடம் 1300, கருமையான இடம் 300. வேறுபாடு நான்கு மடங்கினும் சற்றே மிகுதி. திரைக்கு மேலுள்ள விளக்கு வரிசையை மட்டும் அணைத்து, திரைமீது விழும் ஒளியை 50 லக்ஸாகக் குறைத்தால், வேறுபாடு இருபத்தொரு மடங்காகிவிடும். படவீழ்த்தியால் கருமையை வீழ்த்த இயலாது, ஒளியில்லாத இடமே திரையில் கருமையாகத் தோன்றுகிறது என்பதை நினைவிற்கொண்டால் இது எளிதில் விளங்கும். புதிய கருவி வேண்டுமெனப் பள்ளி நிர்வாகத்திற்கு எழுதுவதற்கு முன்னர் அந்த ஒரு விளக்கு விசையைத் தேடிப் பார்க்கலாம்.

இணைப்பு

நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது 15 ஊசிகள் கொண்ட விஜிஏ வடமாகும். 1987இல் ஐபிஎம் நிறுவனத்தின் கணினிகளோடு அறிமுகமான இது, இருபுறமும் திருகாணிகள் உடையது. நீல நிறச் செருகியால் அடையாளம் காணலாம். ஊசிகளுள் ஒன்று வளைந்தால் திரை முழுவதும் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறும். இதனைக் கண்டு கருவி பழுது என்று முடிவு செய்தோர் பலர். வடம் நீளமானால் எழுத்துகளுக்கு வலப்புறம் மெல்லிய நிழல் தோன்றும். 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி முதலிய நிறுவனங்கள் 2015க்குள் இவ்விணைப்பைக் கைவிடப்போவதாக அறிவித்தன. அதன்பின் வந்த மடிக்கணினிகளில் எச்டிஎம்ஐ, அதற்கடுத்து யுஎஸ்பி-சி எனப் பொருத்துவாய்கள் மாறின. கூரையில் தொங்கும் படவீழ்த்தியோ மாறவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே மாற்றி என்னும் சிறு கருவி ஆசிரியரின் கைப்பையில் குடியேறிற்று.

மாற்றியை வாங்குவோர் இரண்டு செய்திகளை அறிதல் நலம். விஜிஏ தொடர்நிலைக் குறிப்பலையைக் கடத்துவது. எச்டிஎம்ஐ இலக்கமுறைக் குறிப்பலையைக் கடத்துவது. ஒன்றை மற்றொன்றாக்க உள்ளே மின்சுற்று வேண்டும். வெறும் கம்பியால் இணைத்த மலிவான வடம் பயன்படாது. யுஎஸ்பி-சி வடிவில் இருக்கும் பொருத்துவாய்கள் எல்லாம் படத்தை வெளியே அனுப்புவன அல்ல. சில மின்னேற்றத்திற்கும் கோப்புப் பரிமாற்றத்திற்கும் மட்டுமே உரியவை. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ரோச்சோர் கால்வாய்ச் சாலையிலுள்ள சிம் லிம் சதுக்கத்தில் இத்தகைய மாற்றிகள் கிடைக்கும். வாங்கச் செல்வோர் தம் மடிக்கணினியையே கையோடு கொண்டுசென்று, கடையிலேயே இணைத்துப் பார்த்து வாங்குதல் அறிவுடைமை.

வடத்தை இணைத்தபின் முதலில் படவீழ்த்தியையும் பின்னர்க் கணினியையும் இயக்குவது பழைய வழக்கம். இக்காலக் கணினிகள் இம்முறையைக் கட்டாயமாக எதிர்பார்ப்பதில்லை எனினும், படம் வராதபோது இருவகை இயக்கத்தையும் நிறுத்தி இவ்வரிசையில் மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் வந்துவிடும். படவீழ்த்தியின் தொலையியக்கியில் உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்கும் விசை உண்டு; வடம் எந்தப் பொருத்துவாயில் உள்ளதோ அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினியில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் ஒருசேர அழுத்தினால் நான்கு தெரிவுகள் தோன்றும். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் இவ்வசதி உள்ளது.

இந்நான்கனுள் இரு திரையிலும் ஒரே படத்தைக் காட்டும் தெரிவையே அனைவரும் தேர்ந்தெடுக்கின்றனர். இங்கேதான் புள்ளி தொலைகிறது.

புள்ளியும் படப்புள்ளியும்

ஒவ்வொரு படவீழ்த்திக்கும் அதற்கே உரிய பிரிதிறன் உண்டு. பழைய கருவிகளுக்கு 1024×768 படப்புள்ளிகள். பின்னர் வந்தவற்றுக்கு 1280×800 அல்லது 1920×1080. மடிக்கணினி 1366×768 என்ற அளவில் அனுப்பும் படத்தை 1024×768 கருவி ஏற்கும்போது, கிடையில் நான்கு படப்புள்ளிகளை மூன்றாகச் சுருக்க வேண்டியுள்ளது. எந்தப் படப்புள்ளியும் தன் இடத்தில் நில்லாது, அண்டையிலுள்ளவற்றோடு கலந்து சாம்பல் நிறமாகும். ரோமன் எழுத்துகளில் இதனால் பெருங்கேடு விளைவதில்லை. ‘ஐ’ என்னும் அவ்வெழுத்தின் தலைப்புள்ளி மறைந்தாலும் சொல் மாறாது. தமிழில் புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். எகர ஏகாரக் கொம்புகளின் சுழி மழுங்கினால் குறில் நெடிலாகிவிடும். ‘கொள்’ எது, ‘கோள்’ எது என்று பின்வரிசையில் இருப்பவர் ஊகிக்க வேண்டியதுதான்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 1.5 மீட்டர் உயரத் திரையில் 768 வரிகள் எனில், ஒரு படப்புள்ளியின் உயரம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். இயல்பான பார்வையுடையோர் 8 மீட்டர் தொலைவில் பிரித்துணரக்கூடிய சிற்றளவு ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டர். ஆகவே, ஒற்றைப் படப்புள்ளியால் அமைந்த மெய்ப்புள்ளி கடைசி வரிசைக்கு எட்டாது. 7.5 அங்குல உயரமுள்ள வழக்கமான படவில்லையில் 18 அளவு எழுத்துக்கு 25 படப்புள்ளி உயரமே கிடைக்கிறது. எழுத்தின் பத்தில் ஒரு பங்கு மெய்ப்புள்ளியின் விட்டம் எனக் கொண்டால் (இஃது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும்), இரண்டரைப் படப்புள்ளி தேறும். மேற்சொன்ன சுருக்கத்திற்கும் கலப்பிற்கும் ஆட்பட்டபின் அதில் எஞ்சுவது மங்கிய கறையே. 32 அளவில் எழுதினால் நான்கு அல்லது ஐந்து படப்புள்ளிகள், அதாவது 9 மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளி கிடைக்கும். எனவே தமிழ்ப் படவில்லைகளில் 32க்குக் குறைந்த அளவைப் பயன்படுத்தாமை நன்று. ஒரு வில்லையில் ஆறேழு வரிகளுக்கு மேல் இடம்பெறாது என்ற குறை எழலாம். கரும்பலகையிலும் நாம் அதற்கு மேல் எழுதியதில்லை.

இணைத்தவுடன் கணினியின் திரை அமைப்புக்குள் சென்று, பிரிதிறனைப் படவீழ்த்திக்கு உரிய அளவாக மாற்றுதல் வேண்டும். மடிக்கணினித் திரையில் படம் சற்றே நசுங்கித் தோன்றினும் கவலையில்லை. பாடம் நடப்பது சுவரில். இம்மாற்றத்திற்கு ஒரு நிமிடம் போதும். இக்கட்டுரையில் கூறப்பட்டவற்றுள் ஒன்றை மட்டுமே செய்ய நேரமிருப்பின் இதனையே செய்ய வேண்டும் என்பேன்.

எழுத்துரு

வடம், ஒளி, பிரிதிறன் யாவும் சரியாக அமைந்தபின்னும் தமிழ் வாராதிருத்தல் கூடும். இது நம் தலைமுறை ஆசிரியர்கள் நன்கறிந்த துன்பம். தமிழ் இணையத்தின் வரலாற்றில் சிங்கப்பூருக்குத் தனியிடம் உண்டு. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995இல் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. 1997 மே திங்களில் அவர் முன்னின்று நடத்திய தமிழ்நெட் 97 கருத்தரங்கம் இங்கேதான் கூடிற்று. 2000 ஜூலையில் தமிழ் இணைய மாநாடும் இங்கு நடைபெற்று, உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தின் தோற்றத்திற்குக் களமாயிற்று. அம்மாநாடுகளில் பேசப்பட்டது பெரிதும் குறியாக்கச் சிக்கலே. திஸ்கி, டாப், டாம் எனப் பல குறியாக்கங்களில் தமிழ் சிதறிக் கிடந்தது. ஒன்றில் எழுதிய பாடம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகவே தோன்றும்.

ஒருங்குறி பரவியதால் இத்துன்பம் நீங்கிற்று என்று கருதுவோர் உளர். பாதி நீங்கிற்று எனலாம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் உழைத்து ஆக்கிய பாடக்கோப்புகளை இன்னும் பழைய எழுத்துருவிலேயே வைத்திருக்கும் ஆசிரியர் பலர். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் உள்ளன. ஒரு விடுமுறையில் அப்பணியை முடித்துவிடலாம். ஒருங்குறிக் கோப்பிலும் ஒரு மறைவான இடர் உண்டு. 2000ஆம் ஆண்டு விண்டோஸில் லதா எழுத்துருவும், விண்டோஸ் 7இல் விஜயாவும், விண்டோஸ் 8இல் நிர்மலா யுஐ எழுத்துருவும் வந்தன. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தாமாக நிறுவப்படுவதில்லை. வேண்டுவோர் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். லதாவில் ஆக்கிய பாடத்தைப் புதிய வகுப்பறைக் கணினியில் திறந்தால் தமிழ் தோன்றும். ஆயின் வேறெழுத்துருவில் தோன்றும். எழுத்துகளின் அகலம் மாறுவதால் வரி முறிந்து, இறுதி வரி திரைக்கு வெளியே விழும். செய்யுளைச் சீர் பிரித்துக் காட்டும் வில்லையாயின் அடியும் சீரும் நிலைகுலையும்.

இதற்குத் தீர்வு இரண்டு. பவர்பாயிண்ட் மென்பொருளில் கோப்பைச் சேமிக்கும் அமைப்பில் எழுத்துருவைக் கோப்பினுள் உட்பொதிக்கும் தெரிவு உண்டு; எழுத்துருவின் உரிமம் இசைந்தால் அதனைப் பயன்படுத்தலாம். அசைவூட்டம் தேவையில்லாத பாடமாயின் பிடிஎஃப் வடிவில் ஒரு படியை உடன் வைத்திருத்தல் அதனினும் உறுதியானது.

ஒலி

பல்லூடகம் என்ற பெயரில் ஒலியும் அடக்கம். விஜிஏ வடம் ஒலியைக் கடத்தாது, 3.5 மில்லிமீட்டர் செருகியுடைய தனி வடம் வேண்டும். எச்டிஎம்ஐ ஒலியையும் சேர்த்தே கடத்தும். ஆயினும் அது சென்று சேர்வது படவீழ்த்தியினுள் இருக்கும் சிறிய ஒலிபெருக்கியை. கூரையிலிருந்து, குளிர்விக்கும் விசிறியின் இரைச்சலோடு கலந்து வரும் அவ்வொலியில் லகர ளகர ழகர வேறுபாட்டை மாணவர் உணர்தல் அரிது. வாய்மொழித் தேர்வில் காணொளியை ஒட்டி உரையாடும் பகுதி இடம்பெற்றுவிட்ட இந்நாட்டில் இதனைப் புறக்கணித்தல் ஆகாது. கணினியின் ஒலி அமைப்பில் வெளியீட்டை அறையின் ஒலிபெருக்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். அறையில் அஃது இல்லையெனில், மேசைமீது வைக்கும் சிறு ஒலிபெருக்கி ஒன்றை மாணவர்க்கு அருகில் வைப்பதே போதும்.

மண்டபங்களில்

2007 முதல் ஆண்டுதோறும் ஏப்ரலில் நடைபெறும் தமிழ்மொழி விழாவின்போது விக்டோரியா தெரு தேசிய நூலகம் முதல் சமூக மன்றங்கள் வரை பற்பல இடங்களில் தமிழ் திரையேறுகிறது. தமிழகத்திலிருந்து வரும் அறிஞரின் மடிக்கணினிச் செருகியில் உருண்டை ஊசிகள் இருக்கும். இங்குள்ள மின்வாயோ மூன்று சதுர ஊசிகளுக்கு உரியது. மின்னழுத்தம் இரு நாட்டிலும் 230 வோல்ட் ஆகையால் செருகிமாற்றி ஒன்றே போதும். சையத் ஆல்வி சாலை முஸ்தபா கடைத்தொகுதியில் அதனை வாங்கி ஏற்பாட்டுக்குழு கைவசம் வைத்திருந்தால், சிறப்புரை தொடங்கும் வேளையில் ஓட வேண்டியிராது.

குளிரூட்டிய அறையிலிருந்து திறந்தவெளி மண்டபத்திற்குக் கருவியைக் கொண்டு செல்லும்போது, இந்நாட்டு ஈரக்காற்று குளிர்ந்த வில்லையில் நீர்த்துளிகளாகப் படியும். படம் பனிமூட்டமாகத் தோன்றுவதைக் கண்டு குவியத்தைத் திருகுவோர் உளர், அதனால் பயனில்லை. கருவியைப் பையோடு அரைமணி நேரம் மண்டபத்தில் வைத்து, வெப்பநிலை சமமானபின் திறந்து இயக்குதல் வேண்டும்.

எங்காயினும், கோப்பின் முதல் வில்லையாக ஒரு சோதனை வரியை அமைத்துக்கொள்வது இக்கட்டுரையாளரின் வழக்கம்: எடு, ஏடு, கொள், கோள், படம், பட்டம், மனம், மணம். அதனைத் திரையில் காட்டிவிட்டு, கடைசி வரிசைக்கு நடந்து சென்று, அங்குள்ள இருக்கையில் அமர்ந்து படித்துப் பார்ப்பேன். படிக்க இயலாதபோது முதலில் விளக்கையும், அடுத்துப் பிரிதிறனையும், இறுதியாகக் குவியத்தையும் சரிசெய்வேன். இப்போது மாணவரே இதனைச் செய்கின்றனர். பின்வரிசையில் இருப்பவர் வரியை உரக்கப் படிப்பார். பிழையாகப் படித்தால் முன்வரிசையில் இருப்பவர் எழுந்து சென்று விளக்கை அணைப்பார்.

பாடம் முடிந்தபின் நிறுத்தும் விசையை இருமுறை அழுத்தினால் விளக்கு அணையும்; விசிறி மட்டும் சிறிது நேரம் சுழலும். பாதரச ஆவி விளக்கு கொண்ட கருவிகளில் அவ்விளக்கின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரமே. விசிறி நிற்பதற்கு முன்னர் மின்செருகியைப் பிடுங்கினால் அதுவும் குறையும். லேசர் ஒளிமூலம் கொண்ட புதிய கருவிகளுக்கு இக்கட்டுப்பாடு அவ்வளவாக இல்லை. எவ்வகைக் கருவி என்று தெரியாத அறையில், குறிப்பேடுகளைத் திரட்டி முடிக்கும்வரை விசிறியைச் சுழலவிட்டுப் பின்னர்ச் செருகியை எடுக்கலாம்.